நீலம் ஏறும் இருபது நிமிடங்கள்

எட்டு முனைகள் கொண்ட பிப்பெட்டைக் கடைசி முறையாக அழுத்தியபோது வசந்தாமணியின் வலக்கைக் கட்டைவிரல், அடிமூட்டில், துருவேறிய கீலைப் போல முதலில் மறுத்துப் பிறகு இசைந்தது. பன்னிரண்டாம் நிரையின் எட்டுக் குழிகளிலும் நிறங்காட்டும் நீர்மம் இறங்கியது. அவள் கடிகாரத்தை இருபது நிமிடத்துக்குத் திருகி வைத்துவிட்டு, தட்டின்மேல் வெளிச்சம் படாதவாறு ஓர் இனிப்புப் பெட்டியின் மூடியைக் கவிழ்த்தாள். மூடியில் ஒரு மயிலும் ‘சுத்தமான நெய்யில் செய்தது’ என்னும் சொற்களும் அச்சாகியிருந்தன. கோயம்புத்தூரின் இந்த மூன்றாம் மாடி ஆய்வகத்தில் அவள் பணியாற்றும் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருட்டென்றால் இத்தகைய மூடிதான். கறுப்பு உறை வாங்கித் தருவதாகத் தலைவர் டாக்டர் திருமலைச்சாமி ஆண்டுதோறும் சொல்லுவார், ஆண்டுதோறும் தீபாவளிக்கு யாராவது புதுப் பெட்டி கொண்டுவந்துவிடுவார்கள். இனி இருபது நிமிடம் செய்வதற்கு ஒன்றுமில்லை. காத்திருக்க வேண்டும்; திறந்து பார்க்கக் கூடாது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்லுவது அதைத்தான். தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். முதல் இரண்டு நிரைகளில் அளவு தெரிந்த மாதிரிகள். அடுத்த இரண்டில் நோயற்றவர்கள் எண்மரின் இரத்தநீர். மீதி எட்டில் முடக்குவாத நோயாளிகள் முப்பத்திருவர். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழிகள், ஒன்று தவறினால் மற்றது காட்டிக்கொடுப்பதற்காக. எவருடைய இரத்தத்தில் கீமோகைன் என்னும் அழற்சிப் புரதம் மிகுதியோ அவருடைய குழியில் நீலம் மிகுதி. அவ்வளவுதான் வேலை. அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டே மூடியின் ஓரத்தை ஒரு விரற்கடை தூக்கினாள். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. நோயாளிகளின் நிரைகளில் ஆங்காங்கே நீலம் புலர்ந்துகொண்டிருந்தது. நோயற்றவர்களின் குழிகள் கழுவிய கண்ணாடிபோலத் தெளிந்து நின்றன, மேலிருந்து ஏழாவதாக இருந்த இணையைத் தவிர. அந்த இரண்டிலும் நீலம் இறங்கிவிட்டிருந்தது. ஏழாம் எண் அவளுடையது.

நோயற்றவர்களைத் தேடி எந்த ஆய்வகமும் தெருத் தெருவாக அலைவதில்லை. இருக்கிறவர்களே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே அது ஆயுத பூசையன்று நடக்கும். எல்லாரும் தவறாமல் வரும் நாள் அது. மையவிலக்குப் பொறியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, குளிர்பெட்டியின் கைப்பிடியில் மாவிலை செருகி, பொரியும் கடலையும் கைக்கு வருவதற்கு முன்பாக ஒருவர்பின் ஒருவராக இரத்தம் கொடுப்பார்கள். இந்த ஆண்டு முதலில் டாக்டர் உட்கார்ந்தார், ஆறாவதாக ஓட்டுநர் செல்லமுத்து, ஊசியைப் பார்க்க மாட்டாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, ஏழாவதாக அவள். பெயர்களை நீக்கி எண்களைக் கொடுத்தவள் உடன் பணியாற்றும் ஜெனோவா. பெயரும் எண்ணும் சேர்ந்த ஏடு ஜெனோவாவின் பூட்டிய இழுப்பறையில் இருக்கிறது. எந்த எண் எவருடையது என்பது தட்டில் வேலை செய்கிறவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. ஆனால் தான் உட்கார்ந்த வரிசையை யாரால் மறக்க முடியும்? செல்லமுத்து எழுந்துபோன நாற்காலியின் கைப்பிடி அவருடைய வியர்வையால் ஈரமாக இருந்தது. அவள் அதைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அதற்கும் முன்பு படிவம். படிவத்தில் ஆறு கேள்விகள். நான்காவது: காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகளில் அரைமணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருப்பதுண்டா? உண்டு எனில், எத்தனை நாளாக? அந்தக் கேள்வியின் தமிழ் வாசகத்தை எழுதியவளே அவள்தான். இறுக்கம் என்றிருந்ததை அடித்துவிட்டு விறைப்பு என்று போட்டாள். நோயாளிகள் சொல்லும் சொல் அதுதான் என்று டாக்டரிடம் வாதாடினாள். தான் எழுதிய கேள்விக்கு எதிரே தன் கையாலேயே ‘இல்லை’ என்று எழுதினாள். எழுதும்போது பேனாவை ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்திருந்தாள், ஏனென்றால் கட்டைவிரல் அன்றைக்கு மடங்கவில்லை. அது தெரிந்துதான் எழுதினாளா? தெரிந்தும் தெரியாமலும் எழுத முடியுமா ஒருவரால்? டாக்டர் பக்கத்தில் நின்று, இன்னும் ஒருத்தர் குறையுதே, குறையுதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் குறைந்ததற்காக எழுதினாள் என்று இத்தனை நாளும் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நிமிடம். சளியாக இருக்கலாம். ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சலே போதும், இந்தக் கீமோகைன் ஏறிவிடும். தொண்டையில் கிருமி வந்து உட்கார்ந்ததும் அங்கிருக்கும் அணுக்கள் கூப்பிடத் தொடங்கிவிடும். இரத்தத்தில் அந்தக் கூப்பாடு தெரியும். நான்கு நாளில் அடங்கிவிடும். இரத்தம் கொடுத்த அந்த வாரம் தும்மினேனா? நவராத்திரி வாரம். மழை பெய்தது. பேருந்து நிறுத்தத்தில் நனைந்தாள். நனைந்தது மெய். தும்மினாளா? சுண்டல் தாளிக்கும்போது தும்மினாள், அது மிளகாய். மிளகாய்க்குத் தும்மியதைச் சளிக்குத் தும்மியதாக மாற்ற மனம் எவ்வளவு பாடுபடுகிறது என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் அது விடாமல் அந்தச் சமையலறையைச் சுற்றிச் சுற்றி வந்தது, தொண்டை கரகரத்ததா, மூக்கு ஒழுகியதா, அம்மா கஷாயம் கேட்டாளே, அது அம்மாவுக்கா தனக்கா. சளி இல்லையென்றால் வேறொன்று இருக்கிறது. இரத்தநீரை அப்படியே குழியில் ஊற்றுவதில்லை. முதலில் ஒரு சிறு குழாயில், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர்மம் சேர்த்து நீர்க்கச் செய்து, அதிலிருந்துதான் இரண்டு குழிகளுக்கும் பகிர்ந்து விடுவது. அந்த ஒரு பங்கை எடுக்கும் கணத்தில் கட்டைவிரல் சற்றே பிசகினாலும் ஒன்று ஒன்றரையாகும், இரண்டாகும்; பிசகு இரண்டு குழிகளுக்கும் ஒன்றுபோலப் போய்ச் சேரும்; இரண்டும் ஒத்திருப்பதால் சரியென்றே தோன்றும். காலையில் ஏழாவது குழாயின்போது விரல் துடித்ததா? ஆறாவதில் துடிக்கவில்லை, ஆறாவதை எடுக்கும்போது வெளியில் ஆம்புலன்ஸ் ஒன்று ஊளையிட்டுக்கொண்டு அவிநாசி சாலைப் பக்கம் போனது, அது நினைவிருக்கிறது. எட்டாவதில் முனை சரியாக மாட்டாமல் வேறு முனை எடுத்தாள். ஏழாவது? ஏழாவது மட்டும் நினைவில் இல்லை. துடித்திருக்கும். துடித்திருக்க வேண்டும். அப்படியானால் இது இரத்தத்தின் நிறமே இல்லை, விரலின் பிழை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது, வெயிலில் நடந்து வந்தவர் நாற்காலியில் உட்காருவதுபோல. பிழைதான். நாளைக்கு மறுபடி செய்தால் தெளிந்துவிடும்.

கதவு திறந்தது. குளிர்காற்று கலைய, டாக்டர் திருமலைச்சாமி தலையை மட்டும் உள்ளே நீட்டினார். பொள்ளாச்சிக்காரர், எவ்வளவு பெரிய மாநாட்டுக்குப் போய்வந்தாலும் அவருடைய பேச்சு ஊரைவிட்டு வந்ததில்லை.

“ஏனுங் வசந்தாமணி, ரெண்டு மணிக்குள்ள ரிசல்ட் கைக்கு வந்துருமுங்களா?”

“வந்துருமுங் சார்.”

“ரெண்டரைக்கு மீட்டிங்குல ஒரு படம் காட்டோணும். ஹெல்த்தி ஆளுக அத்தனை பேரும் கீழ படுத்திருக்கோணும், பேஷண்ட்டுக மேல நிக்கோணும். நடுவால ஒருத்தனும் குந்தியிருக்கப்படாது.”

“அது நம்ம கையிலயா இருக்குதுங்?”

“உங்க கையிலதானுங்க இருக்குது. உங்க கையில போட்டா ரெண்டு குழியும் ரெட்டப்புள்ளையாட்ட இருக்கும். என்ற கையில போட்டா பங்காளிகளாட்ட, ஒண்ணு மேக்க பாத்தா ஒண்ணு கெழக்க பாக்கும்.”

அவள் சிரித்தாள். கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, “சார், ஹெல்த்தில ஒண்ணு மேல நின்னா என்னங் பண்றது?” என்றாள்.

“நாலு நாளாத் தும்முன ஆளப் புடிச்சு உக்கார வெச்சிருப்பீங்க. எடுத்துருங்க. ஆனா சும்மா எடுக்கப்படாது. ஏன் எடுத்தோம்னு ஏட்டுல எழுதிப்போட்டு எடுங்க. பின்னால எவனாச்சும் கேட்டா நான் முழிச்சுட்டு நிக்கக் கூடாது பாருங்க.”

தலை மறைந்தது. அவர் தாழ்வாரத்தில் யாரையோ அழைத்துக்கொண்டே நடந்துபோவது கேட்டது.

எடுத்துருங்க. எவ்வளவு எளிது. ஏழாம் எண்ணை எடுத்துவிட்டால் எழுவர் கீழே படுத்திருப்பார்கள், முப்பத்திருவர் மேலே நிற்பார்கள், படம் அழகாக இருக்கும். ஏட்டில் சளி என்று எழுதினால் போதும். சளி என்று எழுதினால் அது இரண்டாவது ‘இல்லை’. முதலாவதை யாரும் காணவில்லை; இரண்டாவதையும் காணமாட்டார்கள். கீமோகைன் என்றால் என்னவென்று அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே டாக்டர்தான் விளக்கினார்: சர்க்கரை சிந்தின இடத்துக்கு எறும்பு வரிசையா வருதல்லவா, அந்த வாசனைதான் என்று. அந்த உவமை அவளுக்கு ஒருநாளும் நிறைவு தந்ததில்லை. எறும்பு வருவது தின்பதற்கு. வெள்ளணுக்கள் வருவது ஒரு கூக்குரலைக் கேட்டு. ஓரிடத்தில் காயம் பட்டதும், கிருமி நுழைந்ததும் அங்குள்ள அணுக்கள் இந்தச் சிறு புரதத்தைக் கசியவிடுகின்றன. அருகில் செறிவாகவும் தொலைவில் மெலிதாகவும் அது பரவுகிறது. இரத்தக் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணு அதை உணர்ந்து வேகம் குறைத்து, குழாயின் சுவரில் உருண்டு, ஒட்டி, இரண்டு அணுக்களின் இடுக்கில் தன்னை நெரித்துக்கொண்டு வெளியேறி, குரல் மிகும் திசையை நோக்கி ஊர்கிறது. நல்ல உடலில் அழைப்பவர்களும் உண்டு, வேலை முடிந்ததும் அழைப்பை அணைப்பவர்களும் உண்டு. முடக்குவாதம் பிடித்த மூட்டில் அணைப்பவர்கள் தோற்றுப்போகிறார்கள். அவள் வேறொன்றை நினைத்துக்கொள்வாள். ஒரு வீட்டில் திருடன் என்று ஒருத்தி கத்துகிறாள், தெருவே கூடுகிறது, வந்தவர்களும் திருடன் திருடன் என்று கத்துகிறார்கள், அதைக் கேட்டு அடுத்த தெரு வருகிறது, பின்னால் நிற்கிறவனுக்கு என்ன நடந்ததென்றே தெரியாது, ஆனால் அவனும் கத்துகிறான், விடிந்து பார்த்தால் வேலி சாய்ந்து, கதவு பெயர்ந்து, வாழை மிதிபட்டுக் கிடக்கிறது, திருடன் என்று ஒருவன் வரவே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் காப்பாற்ற வந்தவர்கள். ஒவ்வொருவரும் நல்லவர். அம்மாவின் விரல்களை அப்படித்தான் நல்லவர்கள் வந்து கூடிப் பெயர்த்துப்போட்டார்கள்.

அம்மா, நாகரத்தினம், ஈரோட்டில் டிரங்க் கால் என்னும் வெளியூர்த் தொலைபேசி அழைப்புகளை இணைக்கும் பணியில் இருந்தவள். பலகையில் சிறு விளக்கு எரியும். கயிற்றின் முனையை அந்தத் துளையில் செருகி, ‘சொல்லுங்க’ என்பாள். பேச்சு முடிந்ததும் விளக்கு அணையும், கயிற்றைப் பிடுங்குவாள். ஒரு நாளைக்கு எத்தனை நூறு முறை. வலக்கை விரல் முதலில் வீங்கியபோது கயிற்றை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். இடக்கையும் வீங்கியபோது, குளிர் என்றாள். ஊழியர் சங்கப் படத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கைகள் முந்தானைக்குள் இருக்கும். மற்ற பெண்கள் எல்லாரும் மடியில் கைகளைக் கோத்து வைத்திருப்பார்கள். நான்கு ஆண்டுகள் மறைத்தாள். வேலை போய்விடும் என்றா, யாராவது இரக்கப்படுவார்கள் என்றா, அவள் எதுவும் சொன்னதில்லை. கேட்டால் அன்றைக்கு என்ன குழம்பு என்று பேச்சை மாற்றிவிடுவாள். மருத்துவரிடம் போனபோது அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, முதல் ஆண்டிலேயே வந்திருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல், வாரம் ஒரு முறை விழுங்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மாத்திரை கூக்குரலை அடக்கியது. பெயர்ந்த கதவை மாத்திரையால் மாட்ட முடியாது. இப்போது அம்மாவின் எட்டு விரல்களும் சுண்டுவிரற்பக்கமாகச் சாய்ந்து, காற்றடிக்கும் வயலின் பயிர்போல ஒரே திசையில் நிற்கின்றன. பத்து வயதில் அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் தன் கைகளை வைத்துப் பார்த்துவிட்டு, எனக்கு வராது என்று வசந்தாமணி தீர்மானித்தாள். எதனால் என்று கேட்டால் காரணம் கிடையாது, தீர்மானம்தான்.

பதினோரு நிமிடம். மறுபடி மூடியைத் தூக்கினாள். இப்போது யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள். ஏழாம் இணை, நோயாளிகளில் நடுத்தரமானவர்களோடு போய் நின்றால் வேறுபாடு தெரியாது. மீதி நோயற்றவர்களின் குழிகளில் நீலம் இருந்ததாகச் சொன்னால் இருந்தது, இல்லையென்றால் இல்லை. பிழை, பிழை என்று சொல்லிக்கொண்டாள். விரல் பிசகியிருக்கிறது. அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு இன்னும் சற்றுத் தொலைவு போனபோதுதான் கால் தட்டியது. விரல் ஏன் பிசக வேண்டும்? இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிசகாத விரல். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டே வந்த விரல். பிசகியது என்றால், காலையில் அது மடங்காததால் பிசகியது, மடங்காதது என்றால், மூட்டு வீங்கியிருப்பதால், வீங்கியிருப்பது என்றால். அவள் அங்கேயே நின்றாள். குழி உண்மை சொல்கிறது என்றால் என் இரத்தத்தில் நோய். குழி பொய் சொல்கிறது என்றால், பொய் சொல்ல வைத்த விரலில் நோய். இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் ஒரே வாசலில் வந்து நிற்கிறேன். நாளைக்கு மறுபடி செய்து பார்த்தால் எண் மாறலாம். நின்ற இடம் மாறாது. அதோடு போகவில்லை அந்த நினைப்பு. ஏழில் பிசகிய விரல் பதினேழில் பிசகியிருக்காதா, முப்பதில்? அந்த முப்பத்திருவரும் வெறும் எண்கள் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கீழ்த்தளத்தில் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள். மாத்திரை அட்டையைப் பல்லால் கடித்துப் பிரிக்கிறவர்கள். புடைவை ஊக்கை யாராவது மாட்டிவிட வேண்டியவர்கள். எந்த மருந்து எவருக்குக் கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்லத்தான் இந்தத் தட்டு. அவர்களுடைய நீலத்தில் தன் விரலின் பிசகும் கலந்திருக்குமானால், படம் பார்ப்பதற்கு எவ்வளவு அழகாக இருந்து என்ன.

இன்று காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தாள். எப்போதும்போல விரல்கள் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு விடிய ஏழு மணியாகும். பால் உறையைப் பல்லால் கிழித்தாள். குக்கரின் மூடி சுழலவில்லை. இடுப்பால் மேடையோடு நெருக்கிக்கொண்டு முழங்கையால் தள்ளினாள். திரும்பியபோது அம்மா நிலைப்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. உள்ளே போனாள், குளியலறையில் வெந்நீர் விழும் ஓசை கேட்டது, பிறகு அகன்ற பாத்திரம் ஒன்றை, விரல்களால் பற்ற முடியாததால், இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவில் நெருக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு துளி சிந்தாமல், அடிமேல் அடிவைத்து வந்தாள். மேடைமேல் வைத்தாள். “கையை உள்ள விடு கண்ணு” என்றாள். வசந்தாமணி, “எனக்கெதுக்கு? வேலை கெடக்குது” என்றாள். அம்மா அந்தப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, “நானும் இப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்” என்றாள். வெந்நீர் ஆறும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள். வசந்தாமணி கையை நீருக்குள் விடவில்லை. பேருந்தில் வரும்போது ஒரு கணக்குப் போட்டாள்: ஆடியில் தொடங்கியது, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, இப்போது கார்த்திகை, நான்கு மாதம். அம்மாவுக்கு நான்கு ஆண்டு. இன்னும் நாள் இருக்கிறது என்று அதற்குப் பொருள் கொண்டாள். அதே எண்ணுக்கு வேறு பொருளும் உண்டு என்பது இப்போதுதான் தோன்றியது. அம்மாவும் நான்காவது மாதத்தில் இருந்திருப்பாள் அல்லவா, ஏதோ ஒரு கார்த்திகையில், கயிற்றைக் கை மாற்றிக்கொண்டு, இன்னும் நாள் இருக்கிறது என்று.

“என்னக்கா, மூடியத் தூக்கித் தூக்கிப் பாக்கிய? எங்களுக்கு ஒரு சட்டம், ஒங்களுக்கு ஒரு சட்டமா?”

ஜெனோவா வந்து நின்றாள். பாளையங்கோட்டையிலிருந்து வந்து பதினோரு ஆண்டு ஆகியும் ஊர்ப்பேச்சு மாறாதவள். வசந்தாமணியை நேருக்கு நேர் கேலி செய்யத் துணிந்த ஒரே ஆள். கடிகாரத்தில் ஒன்றரை நிமிடம் எஞ்சியிருந்தது. அமிலத் தொட்டி நிரம்பி, எட்டு முனை பிப்பெட் அதன் பக்கத்தில் கிடந்தது. மணி அடித்ததும் முதல் நிரையில் தொடங்கி, நிறநீர்மம் விட்ட அதே வரிசையில், அதே வேகத்தில் அமிலம் விட வேண்டும். அமிலம் பட்ட கணத்தில் நீலம் மஞ்சளாகும், அதற்குமேல் ஏறாது. பன்னிரண்டு முறை அழுத்த வேண்டும். ஒரு முறை தயங்கினாலும் அந்த நிரை மற்றவற்றைவிடச் சில நொடி அதிகம் வாழ்ந்துவிடும். வசந்தாமணி பிப்பெட்டை எடுத்தாள். கட்டைவிரலை அழுத்துகுமிழின்மேல் வைத்தாள். பிறகு அதை ஜெனோவாவின் பக்கம் நீட்டினாள்.

“ஸ்டாப் ஆசிட் நீ போடு அம்மிணி.”

“நானா? ஒங்க தட்டுல கை வச்சா வெட்டிருவேன்னு போன வருசம் சொன்னது ஆரு?”

“நாந்தான் சொன்னேன். இப்பவும் நாந்தான் சொல்றேன். போடு.”

ஜெனோவா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். கேலியைக் கீழே வைத்துவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டாள். மணி அடித்தது. மயில் படம் போட்ட மூடி விலகியது. முதல் நிரை, இரண்டாம் நிரை, மூன்றாம் நிரை. ஜெனோவாவின் கட்டைவிரல் இறங்கியும் ஏறியும், வலி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாததுபோல, சீராகப் போய்க்கொண்டிருந்தது. வசந்தாமணி அந்த விரலைப் பொறாமையின்றிப் பார்க்க முயன்று, கொஞ்சம் பொறாமையோடேயே பார்த்தாள். ஏழாம் இணையின் நீலம் மஞ்சளாகி நின்றது. பன்னிரண்டாம் நிரை முடிந்தது.

“நம்பர் ஏடு உன்ற கிட்டத்தான இருக்குது” என்றாள் வசந்தாமணி. “ஏழு ஆருன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும். சொல்லக் கூடாது.”

“நீ சொல்ல வேண்டாம். நான் சொல்றேன். ஏழு நான். என்ற ஃபாரத்த எடு.”

ஜெனோவா தட்டை அளக்கும் கருவியின் தாம்பாளத்தில் வைத்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்துகொண்டே, முகத்தைக் காட்டாமல் பேசினாள். “எனக்கு மூணு மாசமாத் தெரியும்க்கா. டியூப் மூடி அத்தனையும் என் பக்கம் நீட்டுதிய. இத மட்டும் தொறந்து குடு, அத மட்டும் தொறந்து குடுன்னு. கேக்கலாம்னு வருவேன். கேட்டா கடிச்சு வச்சுருவியளேன்னு போயிருவேன்.”

“கடிச்சிருப்பேன்.”

“ஃபாரத்துல ‘இல்லை’ன்னு எழுதியிருக்கிய.”

“ஆமா. டாக்டர்கிட்டயும் நானே சொல்லிக்கறேன். படத்துல ஏழு பேருதான் படுத்திருப்பாங்க. பாக்கி இருக்கற ரத்தத்துல நாளைக்கு முப்பத்திரண்டு பேருக்கும் நீயே முதல்ல இருந்து டைலூட் பண்ணு. என்ற கையை நம்ப வேண்டாம்.”

“நாளைக்கு நீங்க?”

“நாளைக்கு வெள்ளி. கீழ வரிசையில உக்காந்திருப்பேன்.”

ஜெனோவா படிவத்தை மேசைமேல் வைத்தாள். ஆயுத பூசையன்று யாருடைய விரலிலிருந்தோ ஒட்டிய குங்குமம் அதன் மூலையில் இன்னும் இருந்தது. ஆய்வகத்தில் எழுதிய எதையும் அழிக்கக் கூடாது. வெள்ளை மை பூசக் கூடாது. கிறுக்கி மறைக்கவும் கூடாது. ஒற்றைக் கோடு போட வேண்டும், அடியில் இருப்பது படிக்கும்படியாக. பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். அவளே எத்தனை பேரிடம் கடிந்து சொல்லியிருக்கிறாள். பேனாவை ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிக்கொண்டாள். ‘இல்லை’யின் குறுக்கே கோடு இழுத்தாள். கோடு நடுவில் ஒரு முறை இடறி, பிறகு போய்ச் சேர்ந்தது. பக்கத்தில் ‘உண்டு’ என்று எழுதினாள். கையெழுத்திட்டாள். அளக்கும் கருவி தாம்பாளத்தை உள்ளிழுத்துக்கொண்டு, குழி குழியாக ஒளி பாய்ச்சிப் படிக்கத் தொடங்கியது. சிறு ஓசை, பின் அமைதி. திரையில் எண்கள் வரிசையாக விழுந்தன.

“வந்திருச்சுக்கா. ஏழு எவ்வளவுன்னு சொல்லட்டா?”

“இரு” என்றாள் வசந்தாமணி, தலையை நிமிர்த்தாமல். “இன்னொரு கேள்வி இருக்குது.”

‘உண்டு எனில், எத்தனை நாளாக?’ என்பதற்கு எதிரே அன்றைக்கு அவள் போட்டிருந்த சிறு கோட்டை அடித்துவிட்டு, மடங்காத விரலோடு, நிறுத்தி நிறுத்தி எழுதினாள்: ஆடி முதல்.